தாரணி தின்ற கட்டுச்சோறு

எங்கள் வீட்டில் கர்ப்பிணிப் பெண்ணின் இலையிலிருந்து ஒரு பண்டத்தை எடுத்த வழக்கம் கிடையாது. டாக்டர் ஏஞ்சலினிடம் முதலில் அதைத்தான் சொன்னேன். பலமுறை கேட்டுச் சலித்த ஒன்றைக் கேட்பவரைப் போல அவர் தலையசைத்தார்.

"எடுக்க வேண்டாங்க ஐயா. சோறு, இனிப்பு, கிழங்கு எல்லாம் குறையணும். கொள்ளு, சாமை, கீரை, முட்டை கூடணும். உங்க மருமகளுக்கு வந்திருக்கிறது கர்ப்பகாலச் சர்க்கரை. பிரசவம் ஆனதும் பெரும்பாலும் போயிடும். ஆனா இப்போ கட்டுக்குள்ள வரலைன்னா குழந்தை அளவுக்கு மீறி ஊதிடும். சில சமயம் வயித்துக்குள்ளேயே..."

அவர் கவிநயாவைப் பார்த்தார். என் மருமகள் தலை குனிந்திருந்தாள்.

"கொள்ளு வாசம் வந்தாலே கொமட்டுதுங்க டாக்டர். சாமைய வாயில வெச்சா மண்ணு மாதிரி இருக்குது. அரிசிச் சோறும் தேங்கா பர்பியும்தான் உள்ள நிக்குதுங்க. மத்த எல்லாம் வாந்திதான்."

"அப்போ இன்சுலின் ஊசி ஆரம்பிக்கலாம்."

"ஊசி வேண்டாமுங்க" என்றேன்.

எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிப் பங்காளி வீடு. ஊசி போடுவதை ஒருத்தி பார்த்தால் போதும், பெருந்துறையிலிருந்து காங்கயம் வரைக்கும் செய்தி போய்விடும். சர்க்கரை வம்சம் என்று ஒருமுறை பேர் விழுந்துவிட்டால், பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பெண் கேட்டுப் போகிற இடத்தில் அந்தப் பேர் நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். இதை டாக்டரிடம் விளக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கண்ணாடிச் சிமிழை எடுத்துத் திறந்தார். உள்ளே வெங்காயச் சருகைப் போல ஒரு மெல்லிய இழை இருந்தது.

"இதுக்குச் சுவையிழைன்னு பேரு. மேல்வாயில ஒட்டிடுவோம். நாக்கு மூளைக்குச் சொல்ற சேதியை இது நடுவுல நின்னு மாத்திடும். இவங்க கொள்ளு மெல்லுவாங்க. அதே நேரத்துல இன்னொரு இழை ஒட்டின வேறொருத்தர் மைசூர்பா தின்னா, இவங்களுக்கு மைசூர்பா ருசிதான் தெரியும். வாசம்கூட அதுதான். கொமட்டாது."

"அந்தச் சக்கரை எங்கீங்க போகும்?" என்று கவிநயா கேட்டாள்.

"தின்னவங்க உடம்புக்குப் போகும்மா. உங்களுக்கு ருசி மட்டும்தான் வரும்."

தின்பதற்கு ஆள் மருத்துவமனையிலேயே கிடைக்கும் என்றார். வரும்போது நடைபாதையில் அவர்களைப் பார்த்திருந்தேன். இனிப்புப் பெட்டிகளோடு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள். திருப்பூர், கோவைப் பெரிய வீட்டுக் கர்ப்பிணிகளுக்காகத் தின்கிறவர்கள். அவர்களில் ஓரிருவர் காலில் துணிக்கட்டுப் போட்டிருந்தார்கள்.

"கண்டவ வாயில இருக்கற ருசி எங்க வீட்டுப் பொண்ணு வாய்க்கு வர்றதுங்களா? எச்சிலுங்க அது."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. "எச்சில் எதுவும் வராதுங்க ஐயா. மின்சாரம்தான் வரும்."

"மின்சாரத்துல வந்தாலும் எச்சில் எச்சில்தானுங்க."

அப்படியானால் வீட்டு மனிதர் ஒருவர் வேண்டும் என்றார். என் மகன் பிரணவ் கடல் நடுவே காற்றாலை நிலையத்தில் வேலை பார்க்கிறான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கரைக்கு வருவான். என் மனைவி போய்ப் பல வருடம் ஆகிறது. மாமனார் வாயின் ருசி மருமகள் வாய்க்குப் போவதென்பது நினைக்கவே தகாதது. டாக்டரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மிச்சம் இருந்தது என் மகள் தாரணி.

தாரணி பிரணவுக்கு மூத்தவள். காங்கயத்தில் கட்டிக்கொடுத்திருந்தேன். எட்டாம் மாதத்தில் அவள் குழந்தை வயிற்றிலேயே அசைவற்றுப் போனது. அடுத்த வருடமே அந்த வீட்டார் அவளை ஒரு பெட்டியோடு கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அங்கிருந்த டாக்டர் சர்க்கரை என்றுதான் சொன்னார். நாங்கள் ஊருக்குச் சொன்னது, கொடி சுற்றிவிட்டது என்று.

அடுத்த வாரம் தாரணியை அழைத்துப் போனோம். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு டாக்டர் அவளை எதிரில் உட்காரவைத்துக் கேட்டார்.

"இப்போ ஒண்ணும் இல்லை. நீங்க கர்ப்பமா இருந்தப்போ சர்க்கரை வந்ததா? வந்திருந்தா இந்த வேலைக்கே நீங்க வரக்கூடாது. அந்த மாதிரி இருக்கிறவங்களுக்குப் பின்னாடி நிரந்தரமா வர்ற வாய்ப்பு அதிகம்."

தாரணி என்னைப் பார்த்தாள்.

"எங்க வம்சத்துல அது யாருக்கும் கிடையாதுங்க" என்றேன்.

திரும்பி வரும்போது வண்டி தானாக ஓடிக்கொண்டிருந்தது. முன்னிருக்கையில் கவிநயா கண்ணயர்ந்திருந்தாள். தாரணி என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சிரித்தாள்.

"ஏனுங்கப்பா, லட்டுத் திங்கறதுக்கு இத்தனை பெரிய பொய்யுங்களா?"

"பொய் என்ன வந்துச்சு? நம்மூட்டுச் சங்கதி நம்மூட்டோட இருக்கோணும்."

"என்னங்க நங்கை?" என்று கவிநயா கண் விழித்தாள். கணவனின் அக்காளை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் அழைப்பார்கள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. எனக்குக் குடுத்து வெச்சிருக்குதுன்னு அப்பாகிட்டச் சொன்னேன்."

அதன்பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததை யார் பார்த்திருந்தாலும் சிரித்திருப்பார்கள். இந்தப் பக்கம் கவிநயா ஒரு கிண்ணம் கொள்ளும் முருங்கைக்கீரையும் வைத்துக்கொண்டு கண் சொருகி மெல்லுவாள். அந்தப் பக்கம் தாரணி நெய்ச்சோற்றையும் ஜிலேபியையும் வைத்துக்கொண்டு வேலை செய்வது போலத் தின்பாள்.

"நங்கை, மென்னு தின்னுங்க. முந்திரி பல்லுல படறதுக்குள்ள முழுங்கிப்போடறீங்க."

"அப்ப நீயே வந்து தின்னு."

"தின்னா டாக்டரம்மா வெரட்டுவாங்க. சித்த மெதுவா. ஆங்... அப்படி. இப்பத்தான் ஏலக்கா தெரியுது."

"எனக்குன்னு ஒரு வாய் காரம் திங்கவும் விடமாட்டீங்கறயே கண்ணு. நேத்து ஒரு ஊறுகா நக்குனதுக்கு அந்தக் கத்துக் கத்துனயே!"

இழை ஒட்டிய நாளிலிருந்து கவிநயாவுக்கு வாந்தி நின்றது. சாப்பிட்டபின் முற்றத்தில் நடப்பாள். விரல் நுனியில் குத்திப் பார்க்கிற போதெல்லாம் சர்க்கரை டாக்டர் சொன்ன அளவுக்குள் இருந்தது. குழந்தையும் அந்தந்த மாதத்துக்கு உரிய எடையில் வளர்ந்தது. பங்காளி வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, சாப்பாடு எல்லாம் ஒழுங்காகத் தருகிறார்களா என்று கேட்கக்கூட இடமில்லாமல் போனார்கள். அவள் முகம் அத்தனை நிறைவாக இருந்தது.

தாரணி செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். கையைத் தூக்கினால் வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தானாக வழுகியது. அத்தனை இனிப்புத் தின்று இளைக்கிறாளே என்று வேலைக்காரி வியந்தாள். பின்பக்கக் கழிப்பறை வாசலில் எறும்பு மொய்த்தது. மருந்துப்பொடி தூவச் சொன்னேன்.

ஒருநாள் தோட்டத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் அவளாக வந்து நின்றாள்.

"அப்பா, கண்ணு மசமசன்னு இருக்குதுங்க. ஒருக்கா டாக்டரப் பாத்துட்டு வந்தறட்டுங்களா?"

"அங்க போனா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. கட்டுச்சோறு முடியட்டும்."

"செரிங்கப்பா."

கட்டுச்சோறு எங்கள் பக்கத்துச் சடங்கு. ஒன்பதாம் மாதம் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துப் போகத் தாய்வீட்டார் வருவார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப்பொங்கல் எனக் கட்டிக்கொண்டு வருவார்கள். சபை நடுவில் பெண்ணை உட்காரவைத்து, வந்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தாரும் அவளுக்கு ஒரு வாய் ஊட்டுவார்கள். ஒரு குடும்பத்தின் கையை வேண்டாம் என்றால் அந்தக் குடும்பத்தையே வேண்டாம் என்றதாக அர்த்தம். அப்படி ஒரு வாய்ச் சோற்றில் முறிந்து, இன்றுவரை நல்லது கெட்டதுக்கு வராத உறவுகள் எங்களுக்கு உண்டு.

கவிநயாவின் தாய்க்குக்கூட அவளுடைய சர்க்கரை தெரியாது. சொல்லக்கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஆகவே ஏற்பாடு இப்படி இருந்தது. சம்பந்தி வீட்டார் கொண்டுவரும் பாத்திரங்களை மரியாதையாக உள்ளே வாங்கிக்கொள்வது. அதே பாத்திரங்களில், கடையில் விற்கிற மாவுச்சத்தில்லாத பொய்யரிசியில் சமைத்த சோற்றை நிறம் பார்த்து மாற்றி வைப்பது. நிஜச்சோறு உள்ளறையில் தாரணிக்கு. பிள்ளை தங்காதவள் இந்தச் சடங்கில் முன்னால் வருவது வழக்கமில்லை. அதனால் அவள் எங்கே என்று யாரும் கேட்கப்போவதில்லை.

கதவைச் சாத்துமுன் அவளிடம் சொன்னேன். "அங்க அவ வாய் அசையற வரைக்கும் நீயும் திங்கோணும். நடுவுல விட்டுப்போட்டீன்னா அவ மொகம் மாறிப்போயிரும். சபையில தெரிஞ்சுபோயிரும்."

"தண்ணி மட்டும் இன்னொரு செம்பு வெச்சுட்டுப் போங்கப்பா" என்றாள் தாரணி.

கூடம் நிறைந்திருந்தது. கவிநயா பச்சைப் பட்டில், கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தாள். முதல் வாயைத் தாய் ஊட்டினாள். கவிநயாவின் கண் விரிந்தது. "எங்கம்மா புளிச்சோறு!" என்றாள். தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வரிசை நகர்ந்தது. கவிநயாவின் பெரியம்மா ஊட்டியதும் அவள் மென்றுவிட்டு, "சக்கரப் பொங்கல் அருமைங்க பெரீம்மா" என்றாள்.

"அடக் கண்ணு! நான் ஊட்டுனது எலுமிச்சஞ்சோறு!"

கூடம் சிரித்தது. "மசக்கையில நாக்கு பிசகிப்போச்சு" என்றார் ஒருவர். "மாப்பிள்ளை கடல்ல இருக்காரு, நெனப்பு பூரா அங்க இருக்குது" என்றாள் இன்னொருத்தி. கவிநயாவும் சிரித்துச் சமாளித்தாள். நான் மட்டும் உள்ளறைக் கதவைப் பார்த்தேன்.

பாதிக்குமேல் முடிந்திருக்கும். கவிநயா மெல்லுவதை நிறுத்தினாள். என்னைத் தேடிப் பார்த்தாள். நான் அருகில் போய்க் குனிந்தேன்.

"மாமா, நங்கை திங்கலீங்க."

"மெல்லு, அம்மிணி."

"வாயில ஒண்ணுமே தெரியலீங்க. ஈரக் காயிதம் மாதிரி இருக்குது. ஒருக்கா உள்ள போய்ப் பாருங்க மாமா."

எதிரில் கொளத்துப்பாளையத்துப் பெரியவர் கையில் உருண்டையோடு காத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சில குடும்பங்கள்தான் மிச்சம். அந்த நேரத்தில் நான் எழுந்து உள்ளே போனால் பின்னாலேயே பத்துப் பெண்கள் வருவார்கள்.

"சபை இருக்குது. அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். கண்ணீர் வழிய மென்றாள். புகுந்த வீட்டை விட்டுப் போகிற வருத்தம் என்று பெண்கள் தங்களுக்குள் மெச்சிக்கொண்டார்கள். அடுத்த வாய், அதற்கடுத்த வாய். பிறகு அவள் முகம் தெளிந்தது.

"வந்துருச்சுங்க மாமா. இனிப்பு வந்துருச்சு" என்றாள் தணிந்த குரலில்.

எனக்கு மூச்சு வந்தது. கடைசிக் குடும்பம் வரை ஊட்டி முடித்தார்கள். யார் முகமும் வாடவில்லை. எல்லோரும் பந்திக்கு எழுந்தபின் உள்ளறைக் கதவைத் திறந்தேன்.

தாரணி பொங்கல் பாத்திரத்தின்மேல் சாய்ந்து கிடந்தாள். செம்பு உருண்டிருந்தது. கையில் ஒட்டியிருந்த சோறு காய்ந்து பொருக்காகியிருந்தது. வாயில் ஒன்றும் இல்லை. பின்வாசல் வழியாக வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனேன். டாக்டர் ஏஞ்சலின் அவள் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, கருவி அளக்கிற எல்லைக்கு மேலே இருக்கிறது என்றார்.

"எப்போ மயங்கினாங்க?"

"இப்பத்தானுங்க. சித்த முன்னாடிகூடத் தின்னுட்டுத்தான் இருந்தா."

"இல்லைங்க ஐயா. கையைப் பாருங்க. ரொம்ப நேரம் ஆச்சு" என்றார்.

தாரணி கண் திறக்கவில்லை. இரண்டு நாள் இருந்தாள். மாரடைப்பு என்று ஊருக்குச் சொன்னோம்.

கவிநயாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல அழுகை. பிறந்ததும் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிப்போகலாம் என்று டாக்டர் பயந்தார், அதுவும் நடக்கவில்லை. பிரசவ அறையிலேயே இழையை உரித்து எடுத்துவிட்டார்கள். வெளியே கொண்டுவந்து என் கண் முன்னால்தான் அதைச் சிமிழில் போட்டு மூடினார்கள்.

மூன்றாம் மாதம் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது கவிநயா எலும்பாக இருந்தாள். பால் வற்றிவிட்டது. குழந்தை முலையை விட்டுவிட்டு வீறிட்டது. பிரணவ் விடுப்பு எடுத்து வந்திருந்தான். நாங்கள் மூவரும் மறுபடி டாக்டரிடம் போனோம்.

"சாப்பாட்டு நேரம் வந்தா வாய் தானா இனிக்குதுங்க டாக்டர். நான் ஒண்ணும் திங்கறதுக்கு முந்தியே. மேல சோத்த வெச்சா கொமட்டுது."

"இழை எடுத்தாச்சேம்மா. இது மூளையோட பழக்கம். அந்த நேரத்துல அந்த ருசியை எதிர்பார்த்து எதிர்பார்த்து, இப்போ தானாவே உண்டாக்குது. கொஞ்ச நாள்ல மறந்துடும்."

"பழக்கம்னா மென்னு முழுங்குமாங்க? ஒரு வாய் வருது. மெல்லுது. முழுங்குது. சித்த நிக்குது. அப்பறம் அடுத்த வாய் வருது. நங்கை அப்படித்தான் திம்பாங்க. அவசரமா முழுங்குவாங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். பிரணவ் என் முகத்தைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஆடி அமாவாசைக்குத் தாரணிக்கு முதல் படையல் போட்டோம். சம்பந்தி வீட்டார், பங்காளிகள், கொளத்துப்பாளையத்தார் எல்லோரும் வந்திருந்தார்கள். படையல் அறையில் அவள் படத்துக்கு முன்னால் இலை விரித்து நானே பரிமாறினேன். சோறு, பருப்பு, அவரைக்காய்ப் பொரியல், ரசம், மோர். இனிப்பு எதுவும் வைக்கவில்லை. வைக்கக் கை வரவில்லை. கற்பூரம் காட்டிவிட்டு நிமிர்ந்தபோது கவிநயா குழந்தையோடு வாசலில் நின்றாள்.

"மாமா, இப்பவும் இனிக்குதுங்க."

"இலையில இனிப்பே இல்லையே அம்மிணி."

"இந்த எலையில அவங்க கை வெக்கலீங்க. அவங்க இன்னும் அன்னைக்கு உக்காந்த எடத்துலயேதான் இருக்காங்க. அந்தப் பொங்கலத்தான் தின்னுட்டு இருக்காங்க. தொண்டையில அடைச்சு விக்குறது எனக்குத் தெரியுது. யாரும் நிறுத்தச் சொல்லலையேன்னு தின்னுட்டே இருக்காங்க."

"நீ சொல்லிப் பாக்கறதுதானே?"

"நித்தமும் சொல்றேனுங்க. என்ற பேச்சக் கேக்கலை. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

திறந்த கதவுக்கு அப்பால் கூடத்தில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கொளத்துப்பாளையத்துப் பெரியவர் மழையைப் பற்றி ஏதோ சொல்ல, யாரோ சிரித்தார்கள்.

"சபை இருக்குது, அம்மிணி. எல்லாரும் போகட்டும்."

"அன்னைக்கும் இதத்தானுங்க சொன்னீங்க."

குழந்தை அவள் தோளில் முனகியது. பசியில் அவள் கழுத்துத் தோலைச் சப்பியது. நான் படத்தின் பக்கம் திரும்பினேன்.

"தாரணி, எந்திரி சாமி. தின்னது போதும்" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

கவிநயா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வெறும் வாய். அவள் தொண்டை ஏறி இறங்கியது.

"இல்லீங்க மாமா. அவங்களுக்குக் கேக்கலை."

கதவைச் சாத்தலாம் என்று கை போனது. சாத்திய கதவுக்குள் இருந்ததால்தானே அவளுக்கு எதுவும் கேட்காமல் போனது. கையை எடுத்துக்கொண்டேன். கூடத்தைப் பார்த்து நேராக நின்றேன்.

"தாரணி! உனக்குச் சக்கரை. உன்ற கொழந்தை போனதும் அதுலதான். நீ அந்தச் சோத்தத் திங்கக் கூடாது. நிறுத்திப்போட்டு வெளிய வா!"

கூடத்தில் இலை போடுகிற சத்தம் நின்றது. ஒரு தலை திரும்பியது, பிறகு எல்லாத் தலையும். சம்பந்தியம்மா கையிலிருந்த தண்ணீர்ச் செம்போடு எழுந்து நின்றாள். யாரோ என் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கவிநயாவின் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.